தேங்காயும் தோட்டாவும்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற பாயிண்ட் 32 ரிவால்வர் ஒன்று இருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். தேர்தல் முடிந்ததும் போய்த் திரும்ப எடுத்து வருவார். எனக்குத் தெரிந்து அந்த ரிவால்வர் பார்த்த வேலை அவ்வளவுதான். போன முறை எடுத்து வந்தபோது, தோல் பெல்ட்டில் சொருகியிருந்த தோட்டாக்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. புதிது வாங்க வேண்டும்.

"எந்தத் தோட்டா வாங்குனா நல்லதுப்பா? சினிமாவுல வர்ற மாதிரி ஆளைத் தூக்கி அடிக்கணும்" என்றார். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது.

தூக்கி அடிக்காது. எந்தக் கைத்துப்பாக்கியாலும் முடியாது. கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

அவருடைய ரிவால்வரில் போடும் பாயிண்ட் 32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) லாங் என்ற வகைத் தோட்டாவின் ஈயக்குண்டு 6.35 கிராம் எடை. குழலை விட்டு நொடிக்குச் சுமார் 215 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதன் ஆற்றல் 147 ஜூல். ஒன்றரைக் கிலோ தேங்காய் மட்டையோடு 10 மீட்டர் உயர மரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் ஆற்றலும் அதே 147 ஜூல்தான். பட்டுக்கோட்டைத் தோப்புகளில் நாள் முழுக்க இது நடக்கிறது. உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கியது, என்று பார்த்தால் குண்டு போட்டியில் நிற்கவே முடியாது: தேங்காய்க்கு 21, குண்டுக்கு வெறும் 1.4. கையை விட்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கிரிக்கெட் பந்துக்குக்கூட 4.4 இருக்கிறது. அதோடு, சுடுகிறவரின் கை பின்னால் உதைபடுகிறதே, பட்டவருக்குக் கிடைக்கும் தள்ளல் அந்த உதையை மிஞ்ச முடியாது. நியூட்டன் விடமாட்டார்.

அப்படியானால் தேங்காய்க்கும் குண்டுக்கும் என்ன வித்தியாசம்? பரப்பு. தேங்காய் தன் 147 ஜூலை உள்ளங்கை அகலத்தில் இறக்குகிறது. குண்டு அதையே 8 மில்லிமீட்டர் விட்டத்தில் இறக்குகிறது. ஆகவே அது தள்ளுவதில்லை, துளைக்கிறது. பெரிய ரைபிளின் குண்டு வேகத்தாலேயே சுற்றியுள்ள தசையைக் கிழிக்கும். கைத்துப்பாக்கிக்கு அந்த வேகம் கிடையாது. குண்டு நேரடியாகத் தொட்ட இடம்தான் சேதம். எனவே எவ்வளவு ஆழம் போகிறது, எவ்வளவு அகலமாகப் போகிறது, எங்கே நிற்கிறது என்பவைதான் கேள்விகள்.

இந்தப் பாடத்தை அமெரிக்கா விலை கொடுத்துக் கற்றது. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் ஆட்கள் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை மடக்கினார்கள். தொடக்கத்திலேயே ஒருவன் மேல் 9 மி.மீ. குண்டு ஒன்று பாய்ந்தது. கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் சாகத்தான் போகிறான். ஆனால் அதற்கு முன் தொடர்ந்து சுட்டான். எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு பேர் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். அதன்பிறகுதான் குண்டுகளைத் தசைக்கு ஒப்பான ஜெலட்டின் கட்டியில் சுட்டு அளக்கும் முறை உறுதியானது. பத்து சதவீத ஜெலட்டினை 4 டிகிரி குளிரில் உறையவைத்துச் சுடுவார்கள். குண்டு 30 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 45-க்கு மிகாமலும் போக வேண்டும். உடம்பு அவ்வளவு தடிமனா என்று கேட்கலாம். குறுக்கே கை வரும், ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்பான். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் 30.

மேல் வரம்பு எதற்கு என்றால், மிச்ச வேகத்தோடு மறுபக்கம் வெளியேறும் குண்டு பின்னால் இருப்பவரைத் தேடிப் போகும். அதைத் தடுக்க வந்ததுதான் மூக்கில் குழி வைத்த குண்டு. அது எப்படி விரிகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நுங்குக் கண்ணில் கட்டைவிரலை விட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் நீர் போக இடமில்லாமல் விரலைச் சுற்றிப் பீய்ச்சும். குழிமூக்குக் குண்டில் இது தலைகீழாக நடக்கிறது: உடம்பின் ஈரம் குழிக்குள் நெருக்கியடித்துப் புகுந்து, உள்ளிருந்து சுவரைத் தள்ளுகிறது. விளிம்பு கிழிந்து, புயலில் மேல்நோக்கித் திரும்பிய குடைபோலப் பின்னால் மடங்குகிறது. குண்டு அகலமாகிவிட்டதால் சீக்கிரம் நிற்கிறது. அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு 350 மீட்டரில் பாயும் 9 மி.மீ. குண்டின் குழியில் அது சுமார் 600 வளிமண்டல அழுத்தத்தைத் தொடும். பெரியப்பாவின் 215 மீட்டருக்குச் சுமார் 230தான். வேகம் ஒன்றரை மடங்கு சொச்சம் கூடினால் அழுத்தம் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

அதனால்தான் பாயிண்ட் 32-க்குக் குழிமூக்கை நம்ப முடியாது. விரிந்தால் ஆழம் போதாது. பெரும்பாலும் விரிவதே இல்லை. துணி வேறு தொல்லை. துண்டின் நூல் குழிக்குள் அடைத்துக்கொண்டால் அது சாதாரண உருண்டை மூக்குக் குண்டுதான். இந்த வேகத்துக்குத் தட்டை மூக்குக் குண்டு நல்லது என்பார்கள் சிலர். இலக்குச் சுடும் போட்டிகளில் பயன்படுவது அது. காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல வட்டமாக வெட்டிவிட்டுப் போகும். உருண்டை மூக்கு பட்ட இடத்தைப் பிளந்துகொண்டு நழுவும். நம் ஊரில் தேர்ந்தெடுக்க அவ்வளவாக எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை; எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும்; கடைக்காரரிடம் இருப்பதைத்தான் வாங்க முடியும்.

விரியும் குண்டுகளில் பேர்பெற்ற டம்டம் குண்டின் பிறப்பிடம் நம் நாடு என்பது ஒரு வேடிக்கை. 1890களில் கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதச்சாலையில் ஆங்கிலேயர்கள் செய்த மென்மூக்கு ரைபிள் குண்டு அது. 1899-இல் ஹேக் மாநாட்டில் போருக்கு அதைத் தடை செய்தார்கள். போரில் கூடாது என்ற அதே குணத்தை, பின்னால் நிற்பவருக்கு ஆபத்து குறைவு என்று பல நாட்டுப் போலீஸ் விரும்பி வாங்குகிறது.

பின்னால் நிற்பவர் என்றதும் எனக்கு எங்கள் வீடுதான் ஞாபகம் வந்தது. கொல்லைப்பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி. அதற்கு அந்தப் பக்கம் சித்தப்பா வீட்டுத் திண்ணை. கீற்று எந்தக் குண்டையும் நிறுத்தாது. வயல் பக்கம் சுட்டாலும் நிம்மதி இல்லை. டெல்டாவில் கண்ணுக்கெட்டிய தூரம் மேடே கிடையாது, குண்டை வாங்கிக்கொள்ள. போதாததற்கு நாற்று நட்ட வயலில் நீர் நிற்கும். ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக எறிந்தால் குளத்தில் தவளைபோலத் தத்திப் போகுமே, சில டிகிரி சாய்வில் நீரைத் தொடும் குண்டும் அதையேதான் செய்யும். எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, களிம்புக்கு வருவோம். தோட்டா தேர்வில் நான் முதலில் பார்ப்பது மூக்கை அல்ல, அது வெடிக்குமா என்பதை. பதனிட்ட தோலில் அமிலச் சத்து உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தோடு சேர்ந்து அது தோட்டாவின் பித்தளைக் கூட்டிலுள்ள செம்பை அரிக்கும். பச்சையாகப் பூப்பது அதுதான். "புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடும்" என்று பெரியம்மா கிண்ணத்தோடு வந்துவிட்டார். குடத்துக்குச் சரி, தோட்டாவுக்குக் கூடாது. அமிலம் துத்தநாகத்தையும் கரைத்துக் கூட்டை நொய்யவைக்கும். பெரியப்பாவோ தேங்காயெண்ணெய் தடவலாம் என்றார். எண்ணெய் தோட்டாவின் அடியில் பொறி கிளப்பும் சிறு மூடிக்குள் கசிந்தால் அதன் மருந்து செத்துப்போகும். விசையை இழுத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். அப்போதும் குழலைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கக் கூடாது. சில சமயம் தாமதமாக வெடிக்கும்.

கடைசியில் சாதாரண உருண்டை மூக்கையே வாங்கினார், புதிய பெட்டியாக. களிம்பேறியதை உரிமக் கடையிலேயே ஒப்படைத்தாயிற்று. புதியவை இப்போது மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த சிலிக்கா பொட்டலத்தோடு பீரோவில் இருக்கின்றன. தோல் பெல்ட் பரணுக்குப் போய்விட்டது.