பழைய கார் வாங்குமுன் டைமிங் செயினைக் கேட்டுப் பாருங்கள்

பழைய டீசல் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், புன்டோ என்று எதைப் பார்க்கப் போனாலும் பானெட்டுக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது ஒரே எஞ்சின்தான்: ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்ட்டிஜெட். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற கடுமையான புகை விதி வந்ததோடு மாருதி அதைக் கைவிட்டது. செகண்ட் ஹேண்ட் சந்தையில் இன்னும் தாராளமாகக் கைமாறுகிறது. இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். "செயின் வண்டி சார், ஆயுசுக்கும் கை வைக்க வேண்டாம்" என்பார் விற்பவர். ஆயிலை ஒழுங்காக மாற்றிய வண்டிக்கு மட்டும் அது ஓரளவு பொருந்தும்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது செயின். செயின் 'நீண்டுவிட்டது' என்றால் இரும்பு இழுபட்டுவிட்டது என்று பொருள் இல்லை. சைக்கிள் செயினைப் போலவே, ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, மொத்தத்தில் சில மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. தொய்வை டென்ஷனர் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கேம் பின்தங்குவதை அதனால் தடுக்க முடியாது. டீசல் எஞ்சினில் எரிந்த கரி ஆயிலில் கலப்பதால் தேய்மானம் இன்னும் வேகமாகும். 10,000 கி.மீ.யில் மாற்ற வேண்டிய ஆயிலை 20,000 வரை ஓட்டிய வண்டிகளில்தான் செயின் தொல்லை அதிகம்.

தேய்மானத்தோடு நின்றால் பரவாயில்லை. டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. எஞ்சின் நின்றதும் அழுத்தம் போய்விடும். முதல் கியரில் போட்டு மேட்டில் நிறுத்திய வண்டி பின்னால் உருண்டால் எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றும்; தளர்ந்த செயின் அப்போது பல் தாண்டக்கூடும். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருந்தால், ஒரு பல் தாண்டினாலே 18 பாகை பிசகு. இன்னும் ஓரிரு பல் போனால் மூடாத வால்வில் பிஸ்டன் மோதும்.

அதனால் வண்டி பார்க்கப் போகும்போது முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். ஆறிய பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் புறப்படலாம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது கியர்பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம், செயின் கவர் இருக்கும் இடத்தில், காது கொடுங்கள். கலகலவென்று ஒரு விநாடி கேட்டு அடங்கினால் ஆயில் அழுத்தம் ஏறும் நேரம் அது. மூன்று நான்கு விநாடி நீடித்தாலோ, சூடான பிறகும் ஐடிலிங்கில் உரசல் கேட்டாலோ செயின், டென்ஷனர், செயின் உரசி ஓடும் கைடு மூன்றில் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். மட்டமான ஆயில் ஃபில்டரும் இதே சத்தத்தைத் தரும், ஆயிலைத் திரும்ப இறங்க விடாத அதன் வால்வு பிடிக்காவிட்டால். எனவே சரியான கிரேடு ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு மறுநாள் காலை மீண்டும் கேட்பதுதான் மலிவான சோதனை.

இனி விளக்குகள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் செக் எஞ்சின், ஆயில், பேட்டரி மூன்றும் எரிய வேண்டும். செக் எஞ்சின் எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது மறைத்திருக்கிறார்கள். அதைவிட நயமான திருட்டு, அதன் வயரை இன்னொரு விளக்கோடு சேர்த்துவிடுவது. சாவி போட்டதும் அழகாக எரிந்து அணையும்! வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரிடம் இது செல்லாது: இசியு, அதாவது எஞ்சினை ஆளும் அந்தக் கணினி, விளக்கை எரியச் சொல்கிறதா என்று ஸ்கேனர் தனியாகக் காட்டும். திரையில் 'ஆன்', டாஷ்போர்டில் இருட்டு என்றால் பேரம் அங்கேயே முடிந்தது.

ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். பெட்ரோல் வண்டியில் செக் எஞ்சின் மின்னி மின்னி எரிந்தால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கிறது. நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போகலாம்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகியதும், இசியு பதிந்து வைத்திருக்கும் பிழைக் கோடுகளை (code) மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். கோடுகளை அழித்தபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல வண்டிகளில் படிக்கலாம். 12 கி.மீ. என்று வந்தால், நீங்கள் வருமுன் யாரோ துடைத்திருக்கிறார்கள்.

பி0335 கிராங்க் சென்சார் சர்க்யூட்டையும், பி0340 கேம் சென்சார் சர்க்யூட்டையும் குறிப்பவை. கனெக்டர், வயர், சென்சார் என்று தேடலாம். பி0016 வேறு ரகம். இரண்டு சென்சாரும் பேசுகின்றன, ஆனால் சொல்வது பொருந்தவில்லை என்பதே அதன் அர்த்தம். இதற்கு கேம் சென்சாரை மாற்றுவதுதான் ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி நடக்கும் வீண்செலவு. ஆயில் அளவு, கனெக்டர், வால்வு டைமிங் மாறும் பெட்ரோல் எஞ்சினானால் ஆயில் கன்ட்ரோல் வால்வின் வலை என்ற வரிசையில் பாருங்கள். எல்லாம் சரி என்றால், சிக்னலை அலையாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் இரு சென்சாரின் சிக்னலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, நல்ல எஞ்சினின் படத்தோடு ஒப்பிட வேண்டும். நான்கு சிலிண்டரிலும் ஒரே அளவில் கம்ப்ரெஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) குறைந்திருந்தால் அதுவும் டைமிங் பக்கமே கை காட்டும்.

மாற்றுவதென்றால் செயின், டென்ஷனர், கைடு, பல்சக்கரம் எல்லாம் செட்டாக. பழைய பல்சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் சீக்கிரமே தேயும். கிராங்க்கையும் கேம்களையும் லாக்கிங் பின் போட்டு நிறுத்தித்தான் பூட்ட வேண்டும்; பெயின்ட் அடையாளத்தை நம்பிப் பூட்டும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். பூட்டி முடித்ததும் பின்களை எடுத்துவிட்டு, சாவியைத் தொடுமுன், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கையாலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றி, பின்கள் மறுபடி தடையின்றி நுழைகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது முட்டினால், பலம் போட்டுத் திருப்பாமல் திரும்பவும் கழற்ற வேண்டியதுதான்.