நின்றுபோன காரில் பேட்டரி எப்படிச் சாகிறது

பல மாதங்கள் ஓடாமல் நின்ற காரின் பானெட்டைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது, பேட்டரி டெர்மினலின் மேல் பூத்திருக்கும் வெள்ளையும் நீலப்பச்சையுமான பொடிதான். சாவியைத் திருப்பியும் சத்தமே எழாதபோது, இந்தப் பொடிதான் பேட்டரியைக் கெடுத்தது என்று பலரும் முடிவுசெய்துவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் சேதம் நடந்திருப்பது உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஈயப் பிளேட்டுகளில்.

வெளியே பூப்பது, டெர்மினலின் அடியில் கசிந்த கந்தக அமிலம் ஈயத்தோடு சேர்ந்த வெள்ளை ஈய சல்பேட்டும், கம்பியின் செம்போடு சேர்ந்த நீல நிறச் செப்பு சல்பேட்டும் ஆகும். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேல் இழுப்பதால், இந்தப் பொடி 0.02 ஓம் தடையை ஏற்படுத்தினாலே, 150 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். ஆகவே சுத்தம் செய்வது அவசியம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து முதலில் நெகட்டிவ் கம்பியைக் கழற்ற வேண்டும். அது இணைந்திருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுவிட்டால் நேரடி ஷார்ட் ஆகும். செல் மூடிகள் இறுக மூடியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஆப்ப சோடா கரைத்த நீரை டெர்மினலில் ஊற்றினால், அமிலம் முறிந்து கார்பன் டை ஆக்சைடு நுரையாகப் பொங்கும். நுரை அடங்கியதும் கழுவித் துடைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டி, மேலே வாசலின் தடவலாம்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி கிளம்பவில்லை என்றால் உள்ளே பார்க்க வேண்டியதுதான். 1859-ல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய அமில பேட்டரியின் அடிப்படை வேதியியல் இன்றும் மாறவில்லை. மின்சாரம் வெளியேறும்போது ஒரு பக்கத்து ஈயமும் மறுபக்கத்து ஈய டை ஆக்சைடும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலமும் நீர்த்துப்போகிறது. சார்ஜ் செய்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். கார் நின்றிருந்தாலும் கடிகாரம், அலாரம், கணினி நினைவகம் ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியராக இருந்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி குறையும். சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரி ஒரே மாதத்தில் காலியாகிவிடும். இதோடு பேட்டரி தானாகவே இறங்குவதும் உண்டு. வெயில் காலத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

இறங்கிய நிலையில் கிடப்பதுதான் உண்மையான ஆபத்து. புதிதாக உண்டான ஈய சல்பேட் நுண்ணிய துகள்களாக இருப்பதால் எளிதில் கரையும். நாள் செல்லச் செல்ல, சிறு துகள்கள் கரைந்து பெரியவற்றின் மேல் படிந்து, அசையாத பாகில் கற்கண்டு விளைவதுபோல, கெட்டியான படிகங்களாக வளர்ந்துவிடுகின்றன. மின்சாரத்தைக் கடத்தாத இந்தப் படிகங்கள் சார்ஜ் செய்தாலும் எளிதில் கரைவதில்லை. அமிலம் ஏறக்குறைய நீராகிவிட்ட செல்லில் ஈய சல்பேட் கூடுதலாகக் கரைந்து, பிறகு சார்ஜ் ஆகும்போது பிளேட்டுகளுக்கு இடையில் மெல்லிய ஈய இழைகளாக வளர்ந்து அந்தச் செல்லையே ஷார்ட் ஆக்கிவிடுவதும் உண்டு.

மீட்க முயல்பவர் அவசரப்படக் கூடாது. 35 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 3.5 ஆம்பியருக்கு மிகாமல், காற்றோட்டமான இடத்தில் மெதுவாகச் சார்ஜ் செய்ய வேண்டும். வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடும். சார்ஜரில் ‘ஃபுல்’ என்று வருவதை மட்டும் நம்புவது தவறு. உயிரோடு இருக்கும் சிறு பரப்பு மட்டும் நிரம்பியதும் வோல்ட்டேஜ் உயர்ந்து அப்படிக் காட்டிவிடும். ஓர் இரவு ஓய்வு கொடுத்த பின் 12.6 வோல்ட் நிற்கிறதா, ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழாமல் இருக்கிறதா என்பதே சரியான சோதனை. மூடி திறக்கும் வகையாக இருந்தால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களையும் பார்க்கலாம். ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அந்தச் செல் போய்விட்டது என்று பொருள்.

எப்சம் உப்பை, அதாவது மக்னீசியம் சல்பேட்டைப் போட்டால் பேட்டரி பிழைக்கும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. மக்னீசியம் சல்பேட்டும் சோடியம் சல்பேட்டும் கலந்த ஏடி-எக்ஸ்2 என்ற பேட்டரிப் பொடியால் பயனில்லை என்று அமெரிக்கத் தர நிர்ணயக் கழகம் சொன்னதற்காக, 1953-ல் அதன் இயக்குநர் ஆலன் ஆஸ்டின் பதவி விலகுமாறு கேட்கப்பட்டார். விஞ்ஞானிகள் கடுமையாக எதிர்த்ததால் அவர் பதவியில் நீடித்தார்; தேசிய அறிவியல் அகாதமி அமைத்த குழுவும் கழகத்தின் முடிவையே உறுதி செய்தது.

தேறாத பேட்டரியை உடைக்காமல், ஆசிட்டைக் கொட்டாமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஈயம் நஞ்சு என்பதோடு மறுபடி உருக்கிப் பயன்படுத்தக்கூடிய உலோகமும்கூட. புதிய பேட்டரி போட்ட காரை மீண்டும் நீண்ட நாள் நிறுத்த நேர்ந்தால் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைக்கலாம். அப்போதும் தானாக இறங்குவது நிற்காது என்பதால், மாதம் ஒருமுறை மல்டிமீட்டரால் பார்த்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே போகும் முன் சார்ஜ் ஏற்ற வேண்டும்.