கணக்கில் வராத மீன்பாடு

சிறு படகு மீனவர் சங்கங்களுக்கு மனுக்களும் வழக்கு ஆவணங்களும் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. உரிமை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, போன வருடம் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறீர்களா என்பதுதான். பெரும்பாலும் இருக்காது.

ஒதுக்கீட்டு முறை உள்ள நாடுகளில், ஒரு மீன் வகையை வருடத்துக்கு இத்தனை டன் பிடிக்கலாம் என்று வரம்பு வைப்பார்கள். அப்புறம் கடந்த ஆண்டுகளில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று பார்த்துப் பங்கு பிரிப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய படகுகளுக்குப் பதிவேடு கட்டாயமாக இருந்தபோது, சிறு படகுகளுக்குப் பல இடங்களில் அது கட்டாயமில்லை. பிரிட்டனில் 10 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு நடந்தது இதுதான். படகுகளில் பெரும்பாலானவை அவைதான், ஒதுக்கீட்டில் கிடைப்பதோ சொற்பம். அதிகம் அள்ளியவருக்கே இனியும் அதிகம் என்கிற இந்த விதி, என்னைக் கேட்டால், கடலைச் சுரண்டியதற்குத் தரும் பரிசு.

ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு பங்கேற்ற ஆய்வின்படி, உலகில் பிடிபடும் மீனில் குறைந்தது 40 சதவீதம் சிறு மீனவர்கள் பிடிப்பது. மானியமோ நேர்மாறு. 2018-ல் உலக அரசுகள் கொடுத்த சுமார் 3,540 கோடி டாலரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெரிய அளவிலான மீன்பிடிக்கே போனதாக ஒரு மதிப்பீடு சொல்கிறது.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, வலையின் வகை, கண்ணி அளவு, மீன், எடை, ஏலத்தில் போன விலை, இவ்வளவு போதும். மீனைத் தரம் பிரித்து, உலர்த்தி, விற்கும் பெண்களின் பெயரும் அதில் இருக்கட்டும், அரசுக் கணக்கில் அவர்கள் வருவது அரிது. 'எழுதினால் வரி போடுவார்கள்' என்ற பயம் எனக்குத் தெரியும். அது வெறும் பயமும் இல்லை. அதனால் நோட்டு சங்கத்தின் கையில் இருக்கட்டும், மொத்தக் கணக்கை மட்டும் வெளியே கொடுங்கள்.

சிறு படகு என்பதாலேயே கடலுக்கு நல்லது என்று மனுவில் எழுத நான் சம்மதிப்பதில்லை. கண்ணி சிறுத்த வலை குஞ்சுகளை வாரினால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013 மீன்வள ஒழுங்குமுறையில் 17-ஆம் பிரிவு, ஒதுக்கீட்டில் சுற்றுச்சூழல், சமூக அளவுகோல்களும் இருக்க வேண்டும் என்கிறது. கடலுக்கு அதிகம் சேதமில்லாத தூண்டிலோ மீன் பிடிக்கும் கூடோ போடுகிறவர் தன் கணக்கைக் காட்டினால் அந்தப் பிரிவுக்கு உயிர் வரும்.

தென்னாப்பிரிக்காவில் 1998 கடல் வளச் சட்டத்தில் மீன்பிடி உரிமை கிடைக்காமல் போன பாரம்பரிய மீனவர்கள், பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றத்துக்குப் போய் 2007-ல் உத்தரவு பெற்றார்கள். சிறு மீனவர்களுக்கான கொள்கை 2012-ல்தான் வந்தது. இடைப்பட்ட வருடங்களிலும் சங்கம் கலையாமல் இருந்தாக வேண்டும். வழக்குச் செலவைவிட அதுதான் கடினம்.