பேண்ட்லீடர்: நடத்துநரா, தலைவரா?

ஆங்கிலத்தில் ‘பேண்ட்’ என்ற ஒலியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று கட்டுகிற பட்டை. மற்றொன்று ஆட்கூட்டம், பிரெஞ்சிலிருந்து வந்தது, முதலில் ஆயுதம் ஏந்திய கூட்டத்தைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் அது வாத்தியக்காரர் கூட்டத்துக்கும் பெயரானது. நம் கல்யாண ஊர்வலத்தில் ‘பாண்டு வாத்தியம்’ என்று வருவது இந்த இரண்டாவது சொல்தான்.

‘லீடர்’ என்பதைச் சேர்த்தால் பேண்ட்லீடர். இவரைத் தமிழில் ‘இசைக்குழு நடத்துநர்’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. நடத்துநர் என்றதும் காதில் விசில் ஒலிக்கிறது, அது போகட்டும். உண்மையான சிக்கல், நடத்துநர் என்பது ‘கண்டக்டர்’ என்ற வேறொருவரின் பெயர். யாரோ எழுதிய இசைக்குறிப்பை முன்னால் வைத்துக் கோல் அசைப்பவர் அவர். குழு அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. பேண்ட்லீடருக்கோ குழுவே சொந்தம். ஆளெடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் மைக் முன் நின்று பேசுவதும் அவர் பாடு. பெரும்பாலும் குழுவின் பெயரே அவர் பெயராக இருக்கும்.

லாரன்ஸ் வெல்க் என்ற பேண்ட்லீடரைப் பார்த்தால் இது விளங்கும். 1903இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஸ்ட்ராஸ்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஒடெசாப் பக்கத்திலிருந்து குடியேறிய ஜெர்மன் விவசாயக் குடும்பம், வீட்டில் ஜெர்மன்தான். 400 டாலருக்கு ஓர் அக்கார்டியன் (துருத்தியை விரித்துச் சுருக்கி வாசிக்கும் வாத்தியம்) வாங்கித் தந்தால் 21 வயதுவரை வயலில் உழைக்கிறேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்தார். அதைக் காப்பாற்றிவிட்டு, 21ஆம் பிறந்தநாளில் ஊரைவிட்டுக் கிளம்பினார். ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை கடைசிவரை போகவில்லை. தாளம் எண்ண ‘எ ஒன், அன் எ டூ’ என்று அவர் தொடங்குவதைக் கேலி செய்யாதவர் இல்லை.

1938இல் பிட்ஸ்பர்க் ஓட்டல் ஒன்றில் வாசித்தபோது, நுரைத்துப் பொங்கும் அந்த லேசான இசைக்கு ‘ஷாம்பெயின் இசை’ என்று பெயர் வந்தது. 1955இல் ஏபிசி தொலைக்காட்சியில் நாடு முழுவதும் ஒளிபரப்பு தொடங்கியது. பாட்டி முதல் பேரன்வரை முகம் சுளிக்காமல் பார்க்க வேண்டும் என்பதில் பிடிவாதக்காரர். 1959இல் ஆலிஸ் லான் என்ற பாடகி முழங்கால் தெரிய உட்கார்ந்தார் என்று வேலையைவிட்டே அனுப்பினார். எனக்கு அது அடாவடியாகத்தான் படுகிறது. ரசிகர்களும் கடிதம் எழுதித் தள்ளினார்கள். திரும்ப அழைத்தும் அவர் வரவில்லை. 1961இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த வெல்க்கின் இசைத்தட்டுக்குப் பெயர் ‘கல்கத்தா’. ஜெர்மன்காரர் போட்ட மெட்டு. கல்கத்தா பெயரில் மட்டும்தான்.

1971இல் ஏபிசி நிகழ்ச்சியை நிறுத்தியது. வெல்க் தானே நிலையம் நிலையமாகப் பேசி, 200க்கும் மேற்பட்ட நிலையங்களில் 1982வரை நடத்திக் காட்டினார். கோல் அசைக்கிறவர் செய்கிற வேலையா இது? குழுவினரை அவர் ‘இசைக் குடும்பம்’ என்றே அழைத்தார். 1992இல் இறந்தார்.

அந்தக் ‘குடும்பம்’ என்ற சொல்தான் என்னைச் சங்கப் பாட்டான மலைபடுகடாத்துக்குக் கொண்டுபோனது. பரிசில் தேடிப் போகும் கூத்தர் கூட்டத்தின் தலைவனை அந்தப் பாட்டு ‘கண்ணுளர் ஒக்கல் தலைவ’ என்று விளிக்கிறது. கண்ணுளர் கூத்தர், ஒக்கல் சுற்றம். முழவும் ஆகுளி என்ற சிறுபறையும் சுமந்துவரும் கூட்டத்தைச் சுற்றமாகவே கண்டு, அதன் வயிற்றுப்பாட்டுக்குப் பொறுப்பானவனைத் தலைவன் என்கிறது. பேண்ட்லீடருக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை.

இன்று ‘ஒக்கல் தலைவர்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது என்பதும் உண்மை. அன்றாட எழுத்துக்கு ‘இசைக்குழுத் தலைவர்’ போதும். ‘த்’ என்ற ஒற்றெழுத்தை விட்டு ‘இசைக்குழு தலைவர்’ என்று எழுத வேண்டாம்; இசைக்குழுவினது தலைவர் என்று விரிவதால் ‘த்’ மிகும்.