ஒயின் ஊர்களுக்குத் தேனிலவா? வண்டியை யார் ஓட்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தேனிலவுப் பயணங்களைத் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். "திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க ஆசை, ஆனால் மூன்று நாலு நாள்தான் லீவு" என்று வருகிறவர்களிடம் பட்ஜெட்டைப் பற்றி நான் உடனே கேட்பதில்லை. "அங்கே போனதும் யார் கார் ஓட்டப் போகிறீர்கள்?" என்பதுதான் என் முதல் கேள்வி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பதில் சொல்வார்: "நான்தாங்க. கொஞ்சமாத்தானே ருசி பார்ப்போம்."

அந்தக் கொஞ்சத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஒயினரியில் (ஒயின் தயாரிக்கும் இடத்தில்) டேஸ்டிங் என்றால் வழக்கமாக நாலைந்து வகை ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் 30 முதல் 60 மி.லி. வரை இருக்கும். நடுவே 45 மி.லி. என்று வைத்துக்கொண்டால் ஐந்து வகைக்கு 225 மி.லி. ஆகிறது. காலையில் ஒரு இடம், மதியம் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம் என்று போனால் 675 மி.லி. ஒரு பாட்டிலே 750 மி.லி.தான்! 13 சதவீத ஒயினில் இவ்வளவு குடித்தால், அந்த ஆல்கஹாலை உடம்பு கழிக்க சராசரியாக ஏழு மணி நேரமாவது பிடிக்கும். காபி குடித்தாலும், முகம் கழுவினாலும் அந்த நேரம் குறையாது. உடம்பில் நீரின் பங்கு பொதுவாகக் குறைவு என்பதால், அதே அளவு குடித்தாலும் பெண்களுக்கு ரத்தத்தில் ஆல்கஹால் அளவு கூடுதலாக ஏறும்.

சட்டமும் ஊருக்கு ஊர் மாறும். பிரான்ஸில் ஒரு லிட்டர் ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2 கிராம்தான். இத்தாலியில் லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர் ஒரு சொட்டுகூடக் குடித்துவிட்டு ஓட்டக் கூடாது. டோக்காய் ஒயினுக்குப் பேர் போன ஹங்கேரியில் எல்லோருக்குமே பூஜ்யம்தான்.

மேசையில் வாய் அகன்ற ஒரு பாத்திரம் இருக்கும். ருசி பார்த்ததைத் துப்பவும், கிளாஸில் மீந்ததைக் கொட்டவும்தான் அது. புதிதாகப் போகிறவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு அத்தனையையும் விழுங்கிவிடுகிறார்கள். கூச்சமே வேண்டாம், ஒயின் செய்கிறவரே பக்கத்தில் நின்று ருசி பார்த்துவிட்டு அதில்தான் துப்புவார். ஆனாலும் துப்பினால் வண்டி ஓட்டிவிடலாம் என்று நம்பாதீர்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும்.

"அப்போ குடிக்காதவர் ஓட்டட்டும்" என்பார்கள். இதில்தான் எனக்கு ரொம்ப வருத்தம். பழகாத ரோடு, சில நாடுகளில் எதிர்ப்பக்கம் ஓட்ட வேண்டும், பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்கிவிடுவார். கல்யாணமாகி முதல் பயணத்திலேயே ஒருவர் விருந்தாளி, இன்னொருவர் டிரைவர் என்றாகிவிடும். நான் இதற்கு ஒத்துக்கொள்வதே இல்லை.

ஒரு ஜோடி பிரான்ஸின் போர்தோவுக்கு (Bordeaux) திட்டம் எழுதிக் கொண்டுவந்தார்கள். தங்குவது நகரத்தில், காலையில் போயாக், மதியம் செயின்ட் எமிலியோன், நடுவே இன்னும் இரண்டு ஒயினரி. மேப்பில் எல்லாம் கையளவு தூரத்தில்தான் தெரியும். ஆனால் போயாக், நகரத்துக்கு வடக்கே 50 கிலோமீட்டர் போல. செயின்ட் எமிலியோன் கிழக்கே 40 கிலோமீட்டர் போல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கே நிறைய நேரம் போய்விடும். அந்தப் பெண்ணுக்குக் குடிக்கும் பழக்கமும் இல்லை. "இவர் ருசி பார்க்கும்போது நான் என்ன செய்யணும்?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டத்தில் அவருக்கென்று எதுவுமே இல்லை.

போயாக்கைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன். தங்குமிடத்தை செயின்ட் எமிலியோனுக்குள்ளேயே மாற்றினோம். போர்தோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடக்கிற தூரம்தான், பெட்டி இருந்தால் டாக்ஸி. ஊரைச் சுற்றித் தோட்டங்கள், நடந்தே எட்டிவிடலாம். ஒரே பாறையைக் குடைந்து கட்டிய நிலத்தடி தேவாலயம் அங்கே இருக்கிறது. 1999 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஊர் அது. ஒயின் குடிக்காதவருக்கும் ஒரு முழு நாள் போதாது. ஒயினரியில் முன்கூட்டியே சொல்லிவைத்தால், அவர் தோட்டத்தையும் பாதாள அறையையும் மட்டும் சுற்றிப் பார்க்கலாம். டேஸ்டிங் எடுக்காதவருக்குக் கட்டணம் உண்டா என்று புக் செய்யும்போதே கேளுங்கள்.

கார் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், எங்கே போவது என்பதும் தானாகத் தெளிந்துவிடும். பிரான்ஸின் பர்கண்டியில் போன் (Beaune) நகரத்திலிருந்து பொம்மார், வொல்னே, மெர்சோ வழியாகத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் பாதை போகிறது. (சைக்கிளும் வண்டிதான். ருசி பார்த்த பிறகு தள்ளிக்கொண்டு வாருங்கள்.) தென்னாப்பிரிக்காவின் பிரான்ஷூக்கில் ஒயின் டிராம் ஓடுகிறது, ஒரு ஒயினரியில் இறங்கி, அடுத்த டிராமிலோ பஸ்ஸிலோ ஏறிக்கொள்ளலாம். போர்ச்சுகலில் போர்த்தோ (Porto) நகரத்திலிருந்து பின்யாவ் வரை ஆற்றங்கரையோரமாக ரயில் போகிறது, கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். பின்யாவ் ஸ்டேஷன் சுவரில் நீல ஓடுகளில் திராட்சை அறுவடையை வரைந்து வைத்திருக்கிறார்கள். எங்கே போனாலும், தொலைவில் இருக்கும் ஒரு நல்ல ஒயினரிக்காக ஒரே ஒரு நாள் டிரைவரோடு கார் எடுங்கள், போதும்.

ஒரு நாளைக்கு இரண்டு ஒயினரிக்கு மேல் நான் போடுவதில்லை. காலை பதினொன்றுக்கு ஒன்று, அப்புறம் நிதானமான சாப்பாடு, மூன்று மணிக்கு இன்னொன்று. மூன்றாவது இடத்தில் நாக்குக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். மீதி நேரம் உங்களுக்கானது. அதற்காகத்தானே இந்தப் பயணம்.

போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். கலிஃபோர்னியாவின் நாப்பா கவுண்டியில் 1990-இல் வந்த சட்டத்தால், அதற்குப் பிறகு தொடங்கிய ஒயினரிகளில் டேஸ்டிங்குக்கு முன்பதிவு வேண்டும். அமெரிக்காவில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், வயதுச் சான்றும் கையில் இருக்க வேண்டும். போர்தோவில் பல ஒயினரிகள் வார இறுதியில் மூடியிருக்கும். அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் பலவற்றுக்கு ஞாயிறு விடுமுறை. வெள்ளிக்கிழமை போய் இறங்கி திங்கட்கிழமை திரும்புகிறவர்களுக்கு இது பெரிய அடி. முடிந்தால் செவ்வாய் முதல் வெள்ளி வரை வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடைக் காலம் அழகுதான். வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை, தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஆனால் சின்னக் குடும்ப ஒயினரிகளில் அப்போது எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள், விருந்தாளியைக் கவனிக்க ஆள் இருக்காது. கூட்டமும் வாடகையும் அதிகம். அறுவடைக்கு ஒரு மாதம் முன்னால் போனால் கொடியில் குலைகளும் இருக்கும், பேச ஆளும் இருப்பார்கள்.

மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மெட்ரோனிடசோல் மாதிரி சில மருந்துகளோடு மது சேரக் கூடாது என்று மருந்தோடு வரும் குறிப்புத் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் மதுவைத் தவிர்ப்பதே நல்லது. அதை வெளியில் சொல்லத் தயங்கி, சும்மா கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய நிலை வரக் கூடாது. கிளம்பும் முன்பே நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் வாங்குவதைக் கடைசி நாளுக்கு வையுங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் ஒயின் கெட்டுப்போகும். விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போக முடியாது. 24 சதவீதத்துக்குள் ஆல்கஹால் உள்ளதைச் செக்-இன் பெட்டியில் வைக்கலாம். துணிகளுக்கு நடுவே சுற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள். திரும்பிப் போகும் நாட்டில் வரியில்லாமல் எவ்வளவு கொண்டுவரலாம் என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.