புரோட்டானுக்கு மட்டும் வழிவிடும் அமீன்

நைட்ரஜன் அடங்கிய காரச் சேர்மமான ஓர் அமீனுடன் அமில குளோரைடான அசிட்டைல் குளோரைடைச் சேர்த்து அமைடு தயாரிக்கும்போது, புதிதாக உருவாகும் ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறு வெளியேறுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டால், இன்னும் வினைபுரியாத அமீனை அது உப்பாக்கிவிடும். உப்பான அமீன் செயலற்றுப்போவதால் வினை ஏறத்தாழ பாதியிலேயே நின்றுவிடும். எனவே கூடவே சேர்க்கும் காரம் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும், வினையில் குறுக்கிடாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பொருந்தி வருபவை மூவிணைய அமீன்கள்.

இவற்றில் நைட்ரஜனுடன் மூன்று கார்பன் தொகுதிகள் இணைந்துள்ளன. மாற்றீடு செய்வதற்கு நைட்ரஜன் மீது ஹைட்ரஜன் ஏதும் இல்லாததால், இவை நிலையான அமைடாக மாறுவதில்லை. நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இரட்டையோ புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, ஏற்கத் தயாராக இருக்கிறது. மிகுதியாகப் பயன்படும் ட்ரைஎத்தில்அமீனின் இணை அமிலத்திற்கு, அதாவது புரோட்டானை ஏற்ற வடிவத்திற்கு, பிகேஏ மதிப்பு (இது உயர்ந்தால் அமீனின் காரத்தன்மையும் உயரும்) சுமார் 10.75, அம்மோனியாவுக்கு இது 9.25. மடக்கை அளவில் இந்த 1.5 வேறுபாடு, நீர்க்கரைசலில் சுமார் 30 மடங்கு அதிகக் காரத்தன்மையைக் குறிக்கிறது. டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்த கலவைக்குள் அமில குளோரைடு சொட்டுச் சொட்டாக விழும்போது, தெளிவாக இருந்த குடுவைக்குள் வெண்ணிற உப்பு படிவதைக் காணலாம். பிடிபட்ட அமிலம் கண்ணுக்குத் தெரிவது அப்போதுதான்.

ஆனால் மீதாக்சிமீதைல் குளோரைடு போன்ற ஆல்கைலேற்றும் (கார்பன் தொகுதியைச் சேர்க்கும்) வினைபொருள்களிடம் ட்ரைஎத்தில்அமீன் எளிதில் சிக்கிக்கொள்கிறது. அதன் எலக்ட்ரான் இரட்டை நேரடியாகக் கார்பனைத் தாக்கி, நான்காவது தொகுதியையும் ஏற்று, நான்கிணைய அம்மோனியம் உப்பாகிவிடும். இதற்கு விடையாக ஜெர்மானிய வேதியியலாளர் சீக்ஃப்ரீட் ஹூனிக், 1958-இல் வெளிவந்த ஆய்வில், டைஐசோபுரோப்பைல்எத்தில்அமீனை முன்வைத்தார். இன்றும் ஆய்வகங்களில் அதை ஹூனிக் காரம் என்றே அழைக்கிறார்கள். அதிலுள்ள இரண்டு ஐசோபுரோப்பைல் தொகுதிகளும் கிளைத்து விரிந்து நைட்ரஜனைச் சூழ்ந்து நிற்கின்றன. மிகச் சிறியதான புரோட்டான் அந்த இடைவெளியில் நுழைந்துவிடும்; தன்னைச் சுற்றிப் பிற அணுக்களைச் சுமந்து வரும் கார்பனுக்கோ வழி கிடைப்பதில்லை. வேதியியலார் கொள்ளிடத் தடை என்று குறிப்பிடும் இந்த நெருக்கடியை ஒரு குறையாகவே கருதப் பழகியவர்களுக்கு, அதுவே இங்கு முழுப் பயனாகிவிடுவது உண்மையிலேயே வியப்பளிக்கும். இருந்தாலும் இத்தடை முழுமையானதல்ல. மீதைல் அயோடைடு போன்ற சிறிய மூலக்கூறு நேரம் கிடைத்தால் ஹூனிக் காரத்தையும் மெல்லத் தாக்கும்.

அமினோ அமிலங்களைச் சங்கிலியாகப் பிணைக்கும் பெப்டைடு தயாரிப்பில் ஹூனிக் காரம் அன்றாடம் கையாளப்படுகிறது. அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியிலிருந்து புரோட்டானை நீக்கி, இணைப்பு வினைபொருளைத் தாக்கும் அயனியாக அதை மாற்றுவதே இங்கு அதன் பணி. மூலக்கூறு நிறை 129.25, அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 0.74 கிராம் என்பதால், 10 மில்லிமோல் வேண்டுமானால் ஏறக்குறைய 1.74 மில்லிலிட்டரை ஊசிக்குழலில் எடுத்தால் போதும். வினை முடிந்தபின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினால், அமீன் உப்பாகி நீர் அடுக்கிற்குள் சென்றுவிடும். அமிலத்தைத் தாங்காத விளைபொருளாக இருந்தால், அழுத்தத்தைக் குறைத்து ஆவியாக்க வேண்டியிருக்கும். அப்போது 89 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் ட்ரைஎத்தில்அமீன் எளிதில் போய்விடும், 127 டிகிரியில் கொதிக்கும் ஹூனிக் காரம் சற்றுத் தங்கி நிற்கும்.

பெப்டைடு வேலைக்குத் தூய்மை மிக முக்கியம், ஏனெனில் புட்டியில், நைட்ரஜன் மீது ஒரு ஹைட்ரஜன் கொண்ட ஈரிணைய அமீன் சிறிதளவு கலந்திருந்தாலும் அது அமினோ அமிலத்துக்குப் போட்டியாக வந்து பிணைந்துகொள்ளும். இந்த மாசுகளை நின்ஹைட்ரின் என்னும் வினைபொருளுடன் வினைபுரியவிட்டு ஆவியாகாத பொருள்களாக்கி, அதன்பின் பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மேல் காய்ச்சி வடிப்பது வழக்கம். இரண்டு அமீன்களுமே எளிதில் தீப்பற்றுபவை; மீன் வாடையை நினைவூட்டும் ட்ரைஎத்தில்அமீனின் ஆவி, விழிவெண்படலத்தை வீங்கச் செய்து பார்வையைப் பனிமூட்டம்போல் மங்கவைக்கும் என்பதால், புட்டியைப் புகைபோக்கிக் கூண்டுக்குள் மட்டுமே திறக்க வேண்டும்.