எகிறு இறங்கிருச்சா? பேஸ்ட்டை மாத்துறதுக்கு முன்னாடி காரணத்தைப் பாருங்க

பல் கூசுதுன்னு க்ளினிக்குக்கு வர்றவங்கள்ல நெறைய பேருக்கு பல்லுல சொத்தையே இருக்காது. ஃப்ரிட்ஜ் தண்ணி குடிச்சா சுருக்குன்னு இழுக்குது டாக்டர், தயிர் கூட சில்லுன்னு இருந்தா வாயில வைக்க முடியல, கூச்சத்துக்குன்னு விக்கிற பேஸ்ட் வாங்கிப் போட்டேன் கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, விட்டதும் திரும்ப வந்துருச்சுன்னு சொல்வாங்க. கண்ணாடியைக் கையில குடுத்து உதட்டை விலக்கிக் காட்டுனாதான் அவங்களுக்கே தெரியும், கோரைப்பல் மத்த பல்லைவிட நீளமா இருக்கும், நுனியில வெள்ளையா இருக்குற பல்லு எகிறுகிட்ட வர வர மஞ்சளா இருக்கும். "அது கறையா, எடுத்துருங்க"ன்னு கேப்பாங்க. கறை இல்லங்க, அது பல்லோட வேர். எகிறுக்குள்ள மூடி இருக்கவேண்டியது வெளிய வந்து நிக்குது.

வெளிய தெரியுற பல்லுக்குத்தான் எனாமல் கவசம் இருக்கு, வேருக்கு அது கிடையாது. வேர் மேல இருக்குற மெல்லிசான படலம் சீக்கிரம் தேஞ்சுரும், அதுக்குக் கீழ இருக்குற டென்டின்ங்குற பல் அடுக்குல கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் நரம்பு இருக்குற உள்பக்கம் வரைக்கும் போகுது, சில்லுன்னு ஏதாவது பட்டா அந்தக் குழாய்ல இருக்குற திரவம் அசையும், அதைத்தான் நரம்பு வலியா எடுத்துக்குது. கூச்சத்துக்கான பேஸ்ட் அந்த உணர்ச்சியைக் குறைக்குது, தப்பில்ல, தொடர்ந்து ரெண்டுல இருந்து நாலு வாரம் போட்டா நல்லாவே பலன் தெரியும். ஆனா எகிறு ஏன் இறங்குச்சுன்னு அந்த ட்யூப் சொல்லாது. வலி இல்லன்னு நீங்க நிம்மதியா இருக்குற அந்த வருஷங்கள்லதான் எகிறு இன்னும் கீழ போகுது, என்னோட கவலையே அதுதான்.

இன்னொண்ணும் நேரா சொல்லிடுறேன். இறங்குன எகிறு தானா மேல வராது. எண்ணெய் கொப்பளிச்சாலும் வராது, மூலிகைப் பொடி போட்டாலும் வராது, "எகிறு வளர வைக்கும்"னு ஆன்லைன்ல விக்கிற ஜெல்லு எதுலயும் வராது. அதே இடத்துல நிறுத்த முடியும், சில பேருக்கு ஆபரேஷன் பண்ணி மூடவும் முடியும். ரெண்டுக்கும் முதல்ல காரணம் தெரியணும்.

ஒரு வகை, நல்லா சுத்தமா இருக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு வர்றது. ஹார்டு ப்ரஷ், குறுக்கால வெச்சு பரபரன்னு தேய்ப்பு. இவங்களுக்கு எகிறு ரோஸ் கலர்ல கெட்டியாத்தான் இருக்கும், ரத்தம் வராது, ஆனா இறங்கி இருக்கும். வலது கைக்காரங்களுக்குப் பாத்தா இடது பக்கக் கோரைப்பல்லும் அதுக்குப் பின்னாடி இருக்குற பல்லும்தான் அதிகமா அடிபட்டிருக்கும், கைக்கு அங்கதான் அழுத்தம் ஜாஸ்தி. எகிறு ஓரத்துல நகத்தை வெச்சா மாட்டுற மாதிரி ஒரு வெட்டு விழுந்திருக்கும். உமிக்கரி, செங்கல் பொடி, கல் உப்புன்னு விரலால தேய்ச்சுப் பழகுன பெரியவங்க கிட்டயும் இதே தேய்மானத்தைப் பாக்குறேன், இப்ப அதே கரியை ஸ்டைலா டப்பால போட்டு இளம் பசங்களுக்கு விக்கிறாங்க. வெயிட் குறைக்கன்னு காலைல வெந்நீர்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சிட்டு உடனே ப்ரஷ் பண்றவங்களுக்கும் சொல்லணும், புளிப்பு பட்டு இளகி இருக்குற பல்லைத் தேய்ச்சா டபுள் நஷ்டம், அரை மணி நேரமாவது விடுங்க.

இன்னொரு வகைதான் நான் பயப்படுறது. பல்லு மேல படியுற கிருமிப் படலம் கெட்டியாகி காரையா மாறி எகிறுக்கு அடியில இறங்குது, எகிறு வீங்குது, ரத்தம் வருது, அடியில பல்லைப் புடிச்சிட்டு இருக்குற எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக் கரையுது, எலும்பு போன பின்னாடி எகிறும் கீழ போகுது. இதுல பெரும்பாலும் வலியே இருக்காதுங்க, அதான் கொடுமை. சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கு இது வேகமாப் போகும், எகிறு நோய் இருந்தா சுகரைக் கட்டுப்படுத்துறதும் கஷ்டமாகும். சிகரெட் குடிக்கிறவங்களுக்கு ரத்தம் வர்றதே கம்மியா இருக்கும், அதனால எகிறு நல்லா இருக்குன்னு ஏமாந்துருவாங்க. புகையிலையைக் கீழ் உதட்டுல அடக்கி வைக்கிறவங்களுக்கு சரியா அந்த இடத்துல மட்டும் எகிறு இறங்கி, பக்கத்துல தோல் வெள்ளையா சுருங்கிக் கெடக்கும், அதைப் பாத்தா எகிறைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு புற்றுநோய் பரிசோதனைக்குத்தான் முதல்ல அனுப்புவேன்.

இங்கதான் நம்ம ஊர்ல எல்லாரும் சொல்ற அந்தப் பேச்சு குறுக்க வருது. "க்ளீன் பண்ணா பல்லு ஆடும், சந்து விழும், அப்புறம் அடிக்கடி பண்ணிட்டே இருக்கணும்." பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, மாமா சொன்னாருன்னு பத்து வருஷம் தள்ளிப் போட்டுட்டு வர்றாங்க. என்ன நடக்குதுன்னா, எலும்பு கரைஞ்ச எடத்தை அவ்வளவு நாளும் காரை சிமெண்ட் மாதிரி அடைச்சிட்டு இருந்திருக்கு. காரையை எடுத்ததும் சந்து கண்ணுக்குத் தெரியுது, வீங்கி இருந்த எகிறு வீக்கம் வத்தி ஒழுங்கா ஒட்டும்போது இன்னும் கொஞ்சம் கீழ இறங்குன மாதிரி இருக்கும், கொஞ்ச நாள் கூசும். அந்த சந்தை க்ளீனிங் உண்டாக்கல, ஏற்கனவே இருந்ததைக் காட்டுச்சு. இதை பண்றதுக்கு முன்னாடியே பேஷண்ட்டுக்கு சொல்லிடணும், எங்க பல் டாக்டருங்கள்லயே நெறைய பேர் அவசரத்துல சொல்றதில்ல, அந்தப் பேச்சு இன்னும் உயிரோட இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சிகிச்சைன்னு பாத்தா ப்ரஷ்ஷால வந்ததுக்கு முதல்ல சாஃப்ட் ப்ரஷ். பல்லும் எகிறும் சேர்ற எடத்துல சாய்வா, சுமாரா 45 டிகிரியில வெச்சு, லேசா அசைச்சு பல்லு நுனிப் பக்கம் உருட்டி விடணும், பென்சில் புடிக்கிற மாதிரி புடிச்சா அழுத்தமே வராது. வெட்டு ஆழமா இருந்தா பல் கலர்லயே ஃபில்லிங் வெச்சுடலாம். காரையால வந்ததுக்கு ஸ்கேலிங், அதாவது காரையை எடுக்குற அந்த க்ளீனிங், அப்புறம் எகிறுக்கு அடியில வேரைச் சுத்தம் பண்றது, அப்பவும் எகிறுக்கும் பல்லுக்கும் நடுவுல பை மாதிரி விழுந்திருக்குற ஆழம் குறையலன்னா எகிறை விலக்கி சுத்தம் பண்ற ஃப்ளாப் சர்ஜரி. எகிறுக்கும் பல்லுக்கும் நடுவுல 3 மில்லிமீட்டர் வரைக்கும் ஆழம் இருந்தா சாதாரணம், அதுக்கு மேல போனா கவனிக்கணும்.

மூடுற ஆபரேஷன்ல மேல் அண்ணத்துல இருந்து கொஞ்சம் திசு எடுத்து, இறங்குன எடத்துல வெச்சு, எகிறை மேல இழுத்துத் தைப்போம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்குற எலும்பு நல்லா இருந்தா வேரை முழுசா மூட நல்ல வாய்ப்பு இருக்கு, அந்த எலும்பே போயிருந்தா யாரு பண்ணாலும் முழுசா மூடாது, இதை எக்ஸ்ரே பாத்துட்டு முன்கூட்டியே சொல்ற டாக்டரை நம்புங்க. எகிறுக்குன்னே எம்டிஎஸ்ங்குற பல் மருத்துவ மேல்படிப்பு படிச்ச பெரியோடான்டிஸ்ட் கிட்ட போறது நல்லது. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வாரத்துக்கு அந்த எடத்துல ப்ரஷ் படக்கூடாது, டாக்டர் குடுக்குற மவுத்வாஷ்தான், உதட்டை இழுத்து இழுத்துப் பாக்கவும் கூடாது. சிகரெட்டை விடாதவங்களுக்கு ஒட்டுற வாய்ப்பு குறைவு, அவங்களுக்கு நான் முதல்ல நிறுத்திட்டு வாங்கன்னுதான் சொல்றேன், கோவிச்சுட்டுப் போனாலும் பரவால்ல.

எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையும் இல்ல. 50 வயசுல 2 மில்லிமீட்டர் இறங்கி, கூச்சமும் இல்லாம, வருஷக்கணக்கா அப்படியே நிக்குதுன்னா சும்மா விட்டுரலாம். ஆனா அப்படியே நிக்குதான்னு அளந்து பாத்தாதானே தெரியும்? அதனால அடுத்த தடவை பல் டாக்டர் கிட்ட போறப்ப எந்தெந்தப் பல்லுல எத்தனை மில்லிமீட்டர் இறங்கி இருக்குன்னு கேட்டு, ஃபோன்ல ஒரு போட்டோவும் எடுத்து தேதியோட வெச்சுக்கோங்க, ஆறு மாசம் கழிச்சு திரும்ப அளந்து பாக்கச் சொல்லுங்க.